வீடு_போக

கிருஷ்ணபிரசாத்துக்கு டேட்டாபேஸ் ஒன்றாவது ஒழுங்காகத் தெரியும் என்று ஊரே நம்பியது. ஊர் என்றால் அவன் முதலாளி ராஜாராமன், அவன் மனைவி மைத்ரேயி, அப்புறம் அவன். மூன்று பேரில் முதலில் நம்பிக்கை இழந்தவன் அவன்தான்.

இழக்க வைத்தது மதுரையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த இலவச டயாலிசிஸ் மையம். அங்கே வரவேற்பு மேசையில் இருக்கும் சுபலட்சுமி, காலையில் வந்ததும் கம்ப்யூட்டரில் 'இன்றைய பட்டியல்' என்ற பொத்தானை அழுத்துவாள். எழுந்து போய் டீ குடிப்பாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பாள். நர்ஸிடம் தன் நாத்தனார் கதையை ஆரம்பித்து, அது முடிகிற கதை இல்லை என்பதால் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகுதான் கிருஷ்ணபிரசாத்துக்குப் போன் போடுவாள்.

"அண்ணே, மீனாட்சியம்மன் கோயில்ல நான் சுத்துனதை விட உங்க பெட்டி கூடச் சுத்துது. அதுக்கு என்ன வேண்டுதலாம்?"

"வாரேம்மா."

"வாங்க, வாங்க. நீங்க வந்து பாத்தா மட்டும் அது வெக்கப்பட்டு நின்னுரவா போகுது?"

அந்தப் பட்டியல் வெறும் பெயர் வரிசை அல்ல. யாருக்கு எந்த ஷிப்ட் என்று சொல்வது அதுதான். மையத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள்: அலங்காநல்லூர், மேலூர், எழுமலை, அதற்கும் அந்தப்பக்கம். டயாலிசிஸ் முடிந்து எழும்போது உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். அந்த நிலையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும். ஆகவே யாருக்குக் கடைசி வண்டி சீக்கிரமோ அவருக்கு முந்தின ஷிப்ட். இதைக் கணக்குப் போட டேட்டாபேஸுக்குள்ளேயே ஃபங்ஷன் என்கிற ஒரு குட்டி புரோகிராம் இருந்தது. நோயாளியின் எண்ணைக் கொடுத்தால், அவர் மையத்தைவிட்டு எப்போது கிளம்பியாக வேண்டும் என்று விடை தரும். அதற்குப் பெயர் வீடு_போக. எழுதியவன் முபீன்.

முபீனும் கிருஷ்ணபிரசாத்தும் தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ராஜாராமனுடைய சின்னக் கம்பெனியில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். முபீனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனது. வாடிப்பட்டியிலிருந்து வந்து அதே மையத்தில் படுத்தபடி, ஒரு கையில் ஊசியும் மறு கையில் லேப்டாப்புமாக அவன் எழுதியது அந்த ஃபங்ஷன். "மாப்ள, பஸ்ஸை விட்டா நீ அடுத்த பஸ்ல போவ. நான் ஆம்புலன்ஸ்ல போவேன்" என்பான். ஃபங்ஷனின் வரிகளுக்கு நடுவே குறிப்பும் எழுதி வைத்திருந்தான். 'உசிலம்பட்டி சந்தை அன்னைக்கு உக்கார இடம் கிடைக்காது, முந்தின வண்டியைப் பார்.' 'இந்த ஸ்டாப்பில் இறங்கி ஊருக்குள் நடக்கணும், தெருவிளக்கு இல்லை.' சென்ற ஆடி மாதம் அவன் போய்ச் சேர்ந்தான். மற்றவர்கள் வீடோ வயலோ விட்டுப் போவார்கள். முபீன் தன் மனைவி ஆயிஷா சித்திகாவுக்கு ஒரு வாடகை வீட்டையும், கிருஷ்ணபிரசாத்துக்கு ஒரு ஃபங்ஷனையும் விட்டுப் போயிருந்தான்.

அறக்கட்டளையின் செயலாளர் அகிலாண்டம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் நின்றால் கிருஷ்ணபிரசாத்தின் கைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பெங்களூர்க்காரங்க சாஃப்ட்வேர் வாங்கிருவோம். அதுல பட்டியல் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வருது."

"மேடம், அது பதிவு எண் வரிசைப்படி ஷிப்ட் போடும். எழுமலைக்காரங்க கடைசி ஷிப்ட்ல விழுந்தா வீட்டுக்கு எப்படிப் போவாங்க?"

"உங்க பட்டியல் வந்து சேர்ற நேரத்துக்கு முதல் ஷிப்ட்டே கடைசி ஷிப்ட்டாத்தானே இருக்கு?"

கிருஷ்ணபிரசாத் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். வெளியே கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். அதில் ஒன்றில் தங்கப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். எழுமலையைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள். கடலைக்காட்டு வேலை பார்த்த உடம்பு, இப்போது பாதியாக இளைத்திருந்தது. வரும்போதும் போகும்போதும் சுபலட்சுமியிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஆத்தா, நான் எந்த வண்டி?" திரையில் இருப்பதைச் சுபலட்சுமி சொல்வாள். அவ்வளவுதான், தங்கப்பொண்ணு அதற்குமேல் யோசிக்க மாட்டாள்.

"என்ன தம்பி, டீச்சரம்மா பெஞ்சு மேல ஏத்திட்டாகளா?"

"இன்னும் இல்லக்கா. வெள்ளிக்கிழமைதான் ஏத்துவாங்களாம்."

கிருஷ்ணபிரசாத் முதலில் சந்தேகப்பட்டது இன்டர்நெட் ஒயரை. அப்புறம் சர்வரை. ராஜாராமன் முணுமுணுத்துக்கொண்டே புது சர்வர் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்தார். வட்டம் புதுத் தெம்போடு சுற்றியது. முபீனுடைய ஃபங்ஷன் மீது மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்கு ஆதாரமும் வைத்திருந்தான். ஒரே ஒரு நோயாளியின் எண்ணைக் கொடுத்து அதை ஓட்டிப் பார்த்திருந்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் விடை வந்து நின்றது. குற்றமற்றவன் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான். நீதிபதிக்கு வேண்டிய தீர்ப்பும் அதுவாகத்தான் இருந்தது.

வேறு எதையும் சந்தேகப்பட மிச்சமில்லாத பிறகுதான், பட்டியல் பொத்தானை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தான்.

டேட்டாபேஸ் என்பது மொத்த வியாபாரி. ஆயிரம் பேரை ஒரே வீச்சில் பிரி, அடுக்கு என்றால் சந்தோஷமாகச் செய்யும். நடுவில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடச் சொன்னால் கதை வேறு. ஒவ்வொரு ஆளுக்கும் அது வேலையை நிறுத்தி, அந்த ஆளின் எண்ணை எடுத்துக்கொண்டு ஃபங்ஷனிடம் போக வேண்டும். ஃபங்ஷன் பஸ் நேரம் பார்க்கத் திரும்ப டேட்டாபேஸிடம் வர வேண்டும். பிறகு விடையோடு மறுபடி. தாலுகா ஆபீஸில் கீழ்மாடியில் ஒரு குமாஸ்தா, மேல்மாடியில் ஒரு குமாஸ்தா, நடுவில் படிக்கட்டு என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு மனுவுக்கு ஏறி இறங்கினால் யாருக்கும் வலிக்காது. ஊர் மனு முழுவதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் முழங்கால் போய்விடும். மையத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தபோது முபீன் எழுதியது அது. இப்போது மேலூரிலும் உசிலம்பட்டியிலும் இருந்த சின்ன மையங்களின் ஆட்களும் இதே பட்டியலில் சேர்ந்திருந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. இன்று வரவேண்டியவர் யார் என்று பிரிப்பதற்கு முன்பே ஃபங்ஷன் எல்லோருக்கும் ஓடியது. குணமாகிப் போனவர்கள், வேறு ஊருக்குப் போனவர்கள், இறந்தவர்கள், எல்லோருக்கும். திரையில் விடைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு வரி: முபீன், வாடிப்பட்டி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆறேகால் வண்டி.

தினமும் காலையில் முபீனுக்கு அவனுடைய ஃபங்ஷன் வீட்டுக்குப் போக பஸ் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. சுபலட்சுமி டீ குடித்து டம்ளர் கழுவிய நேரமெல்லாம் அதற்கும் சேர்த்துத்தான் போயிருக்கிறது.

கிருஷ்ணபிரசாத் லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே இறங்கி, டீக்கடையில் டீயில் சர்க்கரை அதிகம் என்று சண்டை போட்டான். அவனுக்குச் சர்க்கரை போடுவதே இல்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்தார்.

"ஃபங்ஷனைத் தூக்கிட்டு, மொத்தத்தையும் ஒரே கேள்வியா மாத்தி எழுதணும் சார்" என்றான் ராஜாராமனிடம். "வர வேண்டியவங்களை மொதல்ல பிரிச்சிட்டு, பஸ் அட்டவணையை ஒரே தடவை சேர்த்துப் பாக்குற மாதிரி."

"எம்புட்டு நாள்?"

"முபீன் உள்ள வச்சிருக்கிற சந்தை, தெருவிளக்கு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அவுக்கணும். ரெண்டு வாரமாவது."

"ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் கம்ப்யூட்டர்ல பெங்களூர்க்காரன் உக்காந்திருப்பான். வேற வழியே இல்லையாடா?"

வழி இருந்தது. அதுவும் ஒரே ஒரு சொல்.

ஃபங்ஷன் எழுதும்போது டேட்டாபேஸிடம் ஓர் உறுதிமொழி கொடுக்க இடமுண்டு. 'இது மாறாதது. ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே விடைதான்.' அப்படிச் சொல்லிவிட்டால் விடையை ஒரு முறை கணக்குப் போட்டு, அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். மறுபடி ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியதே இல்லை. சொன்னது நிஜமா என்று டேட்டாபேஸ் சோதிக்காது, நம்பிவிடும். இரண்டையும் இரண்டையும் கூட்டுகிற மாதிரி வேலைக்கு ஏற்பட்ட சொல் அது. பஸ் அட்டவணையைப் பார்த்து விடை சொல்கிற ஃபங்ஷனுக்கு அதை எழுதக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் மாதமே படிப்பது. கிருஷ்ணபிரசாத் இரண்டு முறை படித்தவன். முதல் முறை பெயில்.

மதுரையில் பஸ் லேட்டாக வரும், வராமலே போகும், அட்டவணை மாறி எவன் பார்த்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த வாரம் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிடலாம். அதுவரை முபீன் எழுதியதில் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை. உண்மையில் அவனை அசைத்தது இந்தக் கடைசிக் காரணம்தான். அந்தச் சொல்லை எழுதினான்.

வெள்ளிக்கிழமை அகிலாண்டம் பின்னால் நிற்க, சுபலட்சுமி பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுப்பதற்குள் பட்டியல் நின்றது.

"பரவாயில்லையே" என்றார் அகிலாண்டம். தலைமையாசிரியைகள் அதற்குமேல் சொல்வதில்லை.

"அண்ணே, டீ குடிக்கக்கூட நேரமில்லாமப் பண்ணிட்டீங்களே!" என்றாள் சுபலட்சுமி. ராஜாராமன் லட்டு வாங்கிக் கொடுத்தார். தங்கப்பொண்ணுக்கு லட்டு ஆகாது என்று நர்ஸ் தடுத்தாள். "வேகமாப் போனா சரி. எங்க ஊரு வண்டிக்கும் இவரையே டிரைவராப் போடச் சொல்லுங்க" என்றாள் தங்கப்பொண்ணு.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹால் டிக்கெட் வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் மைத்ரேயியின் தங்கை கல்யாணம். ஓடுகிற ஒன்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தை பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுபலட்சுமியிடமிருந்து போன். கேலி இல்லாத அவள் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை.

"அண்ணே, நேத்து தங்கப்பொண்ணு அக்கா வீட்டுக்குப் போகலையாம். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல மயங்கிக் கெடந்தாகளாம். விடிஞ்சப்புறம் யாரோ பாத்து வீட்டுல கொண்டுபோயி விட்டிருக்காக."

"ஏன், வண்டியை விட்டுட்டாங்களா?"

"வண்டியே இல்லண்ணே. அந்த ராத்திரி வண்டியை நேத்துலருந்து நிறுத்திட்டான். இப்ப சாயங்காலத்தோட சரி. உசிலம்பட்டி வரைக்கும் போயி, அங்கிட்டு வண்டி இல்லாம நின்னிருக்காக."

"நீ அட்டவணைல மாத்தலையா?"

"அறிவிப்பு வந்ததுமே, பொங்கலுக்கு முந்தியே மாத்திட்டேன்ணே! அதத்தான் சொல்றேன். போன வாரம் புதுசாச் சேந்த எழுமலைக்காரருக்குச் சரியாக் காட்டுது. அக்காவுக்குப் பழைய நேரத்தையே காட்டி கடைசி ஷிப்ட்ல போட்டிருக்கு. நானும் அதப் பாத்துத்தான் சொன்னேன். 'ஆத்தா, நான் எந்த வண்டி'ன்னு கேட்டாக. நான்தேன் சொன்னேன்."

திறந்து பார்க்கத் தேவையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குப் புதுக் கணக்கு. தங்கப்பொண்ணுக்கு அவன் மாறாது என்று எழுதிய அன்றைக்குப் போட்ட கணக்கு. டேட்டாபேஸ் அவன் சொன்னதைச் சொன்னபடி நம்பியிருந்தது. அவனை அப்படி நம்பியவர்கள் இருவர்தான். இன்னொருத்தி பஸ் ஸ்டாண்டில் கிடந்திருக்கிறாள்.

அன்றே உட்கார்ந்தான். இரண்டு வாரம் என்று சொன்ன வேலை, சாப்பாட்டை மறந்து, மைத்ரேயியின் பேச்சைக் காதில் வாங்காமல் பார்த்தபோது, இரண்டாம் நாளே முடிந்தது. சந்தை ஒரு வரியாயிற்று. தெருவிளக்கு ஒரு வரியாயிற்று. இறந்தவர்கள் முதலிலேயே ஒதுங்கினார்கள். கடைசியில் ஃபங்ஷனை நீக்கும் கட்டளையை அடித்துவிட்டு, விரலைப் பொத்தான் மேல் வைத்தான். "மாப்ள, மன்னிச்சிரு" என்று சொல்ல நினைத்து, அடுத்த மேசையில் கணக்குப்பிள்ளை இருந்ததால் இருமினான். வீடு_போக போயிற்று. பட்டியல் அதே வேகத்தில் வந்தது, சரியான நேரங்களோடு.

வியாழக்கிழமை தங்கப்பொண்ணின் முறை. இரண்டாம் ஷிப்ட் என்று சரியாகக் காட்டியது. அவள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோக்கும், இரண்டு முறை தவறினால் நெஞ்சுக்கு ஏறும் என்று நர்ஸ் சொன்னாள். சனிக்கிழமை முதல் வண்டியில் கிருஷ்ணபிரசாத் எழுமலைக்குப் போனான். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

வாசலில் பக்கத்து வீட்டு ராமக்காள் மறித்தாள்.

"யாரு? ஆஸ்பத்திரி ஆளா? இன்னுமா உசுரு இருக்குன்னு எட்டிப் பாக்க வந்தீகளா?"

"அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"கூட்டிட்டுப் போறதுக்கு ஆளு இருக்கு. கொண்டாந்து விடத்தேன் ஒருத்தனும் இல்ல."

உள்ளே தங்கப்பொண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். முகம் வீங்கிக் கண்கள் சின்னதாகியிருந்தன.

"தம்பியா? வா. காப்பித்தண்ணி போடக்கூடத் தெம்பில்ல."

"என் தப்புக்கா. பஸ் நேரம் மாறாதுன்னு நான் எழுதி வச்சிட்டேன். அதுல வந்த வினை."

"பஸ்ஸு மாறாதுன்னா?" அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "நீ மதுரையிலதான இருக்க?"

ராமக்காளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கப்பொண்ணுக்குச் சிரிக்க மூச்சு பத்தவில்லை.

"இப்பச் சரி பண்ணிட்டேன்க்கா. வாங்க போவோம்."

"அன்னைக்கு லட்டு குடுத்தப்பவும் சரி பண்ணிட்டேன்னுதான சொன்னீக." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "கோவம் இல்ல தம்பி. சாகுறதுக்கும் பயமில்ல. அந்த ஸ்டாண்டுல குத்துன கையப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நாய்க்கும் எனக்கும் ஒரே பெஞ்சு. இங்கன செத்துப்போனா அநாதைப் பொணம்னு எழுதிருவானுகளேன்னுதேன் பயம். எங்க ஊட்டுலதேன் சாகணும். அம்புட்டுத்தேன்."

"சாயங்காலம் நானே கூட வந்து இங்க கொண்டாந்து விடுறேன்."

"நெசமாவா?"

"சத்தியமாக்கா."

உறுதிமொழி விஷயத்தில் அவன் கை எப்படி என்று அவனுக்குத்தான் தெரியும். அதற்குள் ராமக்காள் அவள் பையில் ஒரு சேலையைத் திணித்துக் கையில் கொடுத்துவிட்டாள். "ஏறு. மூச்சு வாங்குறதப் பாத்துக்கிட்டு நான் எப்படி ஒலை வைக்கிறது?"

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தான். உசிலம்பட்டி ஸ்டாண்டில் வண்டி நின்றபோது அவள் வெளியே பார்க்காமல் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

மையத்தில் டாக்டர் அவளைப் பார்த்ததும் எல்லாரையும் நிறுத்திவிட்டு முதலில் மெஷினில் போட்டார். முடிந்து வெளியே வந்தவர், கிருஷ்ணபிரசாத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தண்ணியை எடுத்திருக்கோம். ஆனா இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கு. ராத்திரி இங்கேயே இருக்கணும். பஸ்ல போனா எழுமலை போய்ச் சேர்றது நிச்சயமில்ல."

"இருந்தா?"

"இருந்தா வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

உள்ளே தங்கப்பொண்ணு ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்திருந்தாள்.

"டாக்டரு இருக்கச் சொல்றாரு. நான் இருக்க மாட்டேன். நீ சத்தியம் பண்ணியிருக்க. வண்டி இருக்குல்ல தம்பி?"

கிருஷ்ணபிரசாத் வெளியே வந்து சுபலட்சுமியின் மேசைக்குப் போனான். திரையில் பட்டியல் இருந்தது. தங்கப்பொண்ணு பெயருக்கு எதிரே கிளம்ப வேண்டிய நேரம். அதற்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. ஆட்டோ பிடித்தால் நிதானமாக ஆரப்பாளையம் போய் வண்டியில் இடம் பிடித்து உட்காரலாம்.

"கரெக்டாத்தேன் காட்டுதுண்ணே" என்றாள் சுபலட்சுமி மெதுவாக. "நான் டெப்போவுக்கும் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

அவன் திரும்ப உள்ளே போனான். தங்கப்பொண்ணு செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள்.

"வண்டி போயிருச்சுக்கா" என்றான்.

அவள் கால் நின்றது. அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பை மடியிலிருந்து நழுவிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தது.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. போயிருச்சு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். கதவோரம் நின்ற சுபலட்சுமி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசைக்குப் போய்த் திரையை அணைத்தாள். கிருஷ்ணபிரசாத் ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். ராமக்காளுக்குப் போன் செய்து காலையில் வரச் சொல்ல வேண்டும். என்ன சொல்லி வரச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஆரப்பாளையத்தில் எழுமலை வண்டி இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். அது கிளம்புகிற வரைக்குமாவது அவள் திரும்பிப் பார்த்து எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று, அவள் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.